திறக்காத ஹோட்டலுக்கு ஒற்றை ஸ்டார்

“அப்ப கட்டில் தானா எழும்பி நடந்ததோ? கட்டிலுக்குக் கால் இருக்கெண்டு எனக்குத் தெரியும். நடக்கத் தெரியுமெண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்!”

“முதலாளி, கந்தசாமியாராணைச் சொல்லுறன். பிறத்தி ஆள் ஒருதரும் இந்தப் படலையைத் தாண்டி வரேல்லை.”

“நீர் நித்திரை. அதுதான் காணேல்லை.”

“சீமெந்து பக்டரி வாசலிலை இருபது வருஷம் காவல் நிண்டவன் நான். எனக்கு நித்திரை கதை சொல்லாதேங்கோ.”

“பின்னேரம் மூண்டு மணிக்குக் கொழும்பு ஆக்கள் வருகினம். அதுக்குள்ளை அந்த வெள்ளைக்காரனைப் பிடிச்சு என்ரை முன்னாலை விடும். இல்லாட்டித் திறப்புக் கோர்வையை மேசையிலை வைச்சிட்டு வீட்டை போம்!”

மதிலுக்கு வெளியே ஓட்டோவை நிறுத்திய உதயகலா இறங்கவில்லை. பின் ஆசனத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“சோமண்ணை, இறங்குவமோ? இல்லாட்டிக் கட்டில் நடந்து வெளியிலை வருமட்டும் நிழலிலை நிப்பமோ?”

“இறங்கு பிள்ளை. சண்டை சூடா இருக்கேக்கைதான் சனம் உண்மை கதைக்கும்.”

சோமசேகரம் முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் வாசித்தவர். வலிகாமத்தில் அவர் பின்வளவு பார்க்காத வீடு கிடையாது. அவரைத் துரத்தாத நாயும் கிடையாது. ஓய்வு பெற்ற மறுமாதமே சுன்னாகத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் திறந்துவிட்டார். மனிதர் பொய் சொல்வார்கள், மீற்றர் சொல்லாது என்பது அவருடைய கொள்கை. இணுவில் உதயகலாவுக்கு நாற்பத்தைந்து வயது, வாய்க்குப் பிரேக் கிடையாது. அவளை ஏன் உதவியாளாக வைத்தீர்கள் என்று யாராவது கேட்டால், “ஓட்டோ அவளின்ரை” என்பார்.

வருகிற வழியெல்லாம் அவள் போர்டுகளை எண்ணிக்கொண்டு வந்திருந்தாள். இந்தியாவுக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதிலிருந்து காங்கேசன்துறைப் பக்கம் ஹோட்டல் முளைக்கிற வேகத்தில் புல்லும் முளைக்காது. ‘விரைவில் திறப்பு’ என்று பதினொரு போர்டு. நாலுக்குப் பின்னால் கட்டடம் இருந்தது. இரண்டுக்குப் பின்னால் மாடு நின்றது. ஒன்றில் ‘விரைவில்’ என்ற எழுத்தே வெயிலில் வெளிறி, படிக்க முடியாமல் போயிருந்தது.

அவர்களைப் போனில் கூப்பிட்டிருந்த ‘கடல்வாசல்’ ஹோட்டலுக்கு நிஜமாகவே கட்டடம் இருந்தது. பதினாலு அறை, பின்னால் கடல். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் திறக்க ஏற்பாடு. இன்னும் பன்னிரண்டு நாள் கிடந்தது. அதாவது, இதுவரை ஒரு விருந்தாளிகூட அங்கே தங்கவில்லை.

ஆனால் போனில் ஐந்து ரிவியூ வந்துவிட்டது. ஐந்துக்கும் ஒரு ஸ்டார்தான்.

“எரிக். நோர்வே.” முதலாளி பஞ்சலிங்கம் போனை நீட்டினார். முந்தி ஐஸ் பக்டரி வைத்திருந்தவர், ஐம்பத்தைந்து வயது, கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது. “நித்திரை இல்லை ஐயா. ஐஞ்சு நாளா இல்லை. திறக்காத ஹோட்டலிலை படுத்தெழும்பி, திறக்காத ஹோட்டலைக் குறை சொல்லுறான். வாசிச்சுப் பாருங்கோ.”

இங்கிலீசில் இருந்ததை உதயகலா வாசித்துத் தமிழில் சொன்னாள்.

திங்கட்கிழமை: ‘கடல் நல்லது. கட்டில் கூடாது. வடக்கே தலை வைத்து யார் படுப்பார்கள்? நான் திருப்பிப் போட்டுப் படுத்தேன்.’

செவ்வாய்: ‘இவ்வளவு பெரிய ஹோட்டலில் ஒரு விளக்குமாறு இல்லை. பொழுதுபட முதல் அறையைக் கூட்ட வழியில்லை. விளக்கு வைத்த பிறகு கூட்டலாமா?’

“கூட்டக்கூடாதுதான்,” என்றார் காவலாளி முத்துக்குமாரு, தன்னை மறந்து. பஞ்சலிங்கம் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

புதன்: ‘விளக்குமாறு வந்தது. நன்றி. ஆனால் குளிக்கிற இடத்துத் தரை வழுக்குகிறது. கல் பதிப்பித்தவர் ஒருநாள் ஈரக்காலோடு அதில் நடந்து பார்க்கட்டும்.’

வியாழன்: ‘தரைக்குப் பாய் வந்தது. சந்தோஷம். தேத்தண்ணி உவர்க்கிறது. நல்ல தண்ணியை ஒரு குடத்தில் வைத்தால் குறைந்தா போவார்கள்?’

இன்று வெள்ளி, காலையில் வந்தது: ‘ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இங்கே அமைதி. இருபத்துமூன்று வருஷத்தில் நான் இப்படி நித்திரை கொண்டது கிடையாது.’

அதற்கும் ஒரு ஸ்டார்.

“நோர்வேயிலை சத்தம் கூடவாக்கும்,” என்றாள் உதயகலா.

“நக்கலை விடு தங்கச்சி. கப்பலிலை வாற சனத்தை எந்த ஹோட்டலிலை விடுறதெண்டு பார்க்கத்தான் கொழும்பு ஆக்கள் வருகினம். இதுகளை வாசிச்சால் வாசலிலையே திரும்பிப் போடுவினம்.”

சோமசேகரம் நிதானமாகக் கேட்டார். “விளக்குமாறு வந்தது எண்டு எழுதியிருக்கிறான். ஆர் வைச்சது?”

“நான்தான். வெள்ளைக்காரன் சும்மா சொல்லுவானே? அண்டைக்கே ரண்டு வாங்கி வைச்சன். பாயும் போட்டன். குடமும் ஒழுங்கு பண்ணியாச்சு.”

“கட்டில்?”

“அது கொழும்பு இன்ஜினியர் வைச்சது. அவன் இரவிலை திருப்புறான். நான் காலமை வந்து திருப்பி வைக்கிறன்.”

“கள்ளனை மறிக்க ஆளில்லை. கள்ளனுக்குப் பாய் விரிக்க ஆளிருக்கு,” என்று உதயகலா வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“எப்ப பால் காய்ச்சினியள்?” என்றார் சோமசேகரம்.

“வைகாசிக் கடைசியிலை. ஆனி ஆடியிலை குடிபூரக் கூடாதெண்டு சாத்திரியார் மறிச்சுப் போட்டார். நல்லூருக்கு முதல் திறக்கவும் வேணும். அதுதான் கதவுகள் போட முதலே பாலைக் காய்ச்சிக் குடிபூந்தாச்சு.”

“அதுக்குப் பிறகு உள்ளுக்கை ஆர் தங்கினது?”

“கல்லுப் பதிக்கிற ஆக்கள் போன ஞாயிறு காலமை வரைக்கும் இருந்தவை. அவை போனாப்பிறகு ஒருதரும் இல்லை. இதைத்தான் என்ரை மனுசியும் கேட்டவ. பால் காய்ச்சின இடம் ஆளில்லாமல் இருட்டிக் கிடக்கக் கூடாதாம், விளக்கு வைக்க வேணுமாம். நான் என்ன கோயிலோ கட்டினனான்?” பஞ்சலிங்கம் கையை உதறினார். “அவவும் இப்ப இல்லை. இணுவிலிலை, தமக்கை வீட்டிலை விரதம். அவ நிண்டால் உங்களுக்கு ஒரு நல்ல தேத்தண்ணியாவது கிடைச்சிருக்கும்.”

ஏழாம் அறை மேல்மாடியில், கடலைப் பார்த்த மூலையில் இருந்தது. அங்கே கடல் வடக்குப் பக்கம். கட்டிலின் தலைமாடு இன்றைக்கும் தெற்கே திரும்பியிருந்தது. விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்து மடிக்கப்பட்டிருந்தது. தரையில் ஒரு தூசி கிடையாது.

“பேயா இருக்குமோ எண்டு நினைச்சன். பேய் விளக்குமாறு கேக்காது, விளக்குமாற்றைக் கண்டால் ஓடும்,” என்று உதயகலா ஒரு சந்தேக நபரை விடுதலை செய்தாள்.

சோமசேகரம் மேசையில் கிடந்த ஏசி ரிமோட்டை எடுத்துக் காட்டினார். கடையில் சுற்றிய பொலித்தீன் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. பிறகு யன்னல் ஓரத்தைச் சுட்டினார். சில்லறைக் காசளவில் ஒரு எண்ணெய்ப் பொட்டு. உதயகலா தொட்டு மணந்தாள்.

“நல்லெண்ணெய், சோமண்ணை.”

“நோர்வேயிலை விக்கிறதோ?”

“வித்தாலும் யன்னலிலை ஊத்தச் சொல்லி ஆரும் சொல்லமாட்டினம்.”

கீழே வந்ததும் அவர் நேரே படலைக்குப் பக்கத்திலிருந்த மீற்றர் பெட்டியடிக்குப் போனார். அந்த முகத்தில் அப்போதுதான் ஒரு வெளிச்சம் வந்தது. பழைய சிநேகிதரைக் கண்டவர் மாதிரி. வேலையாட்கள் கரண்டை வீணாக்கக் கூடாதென்று முதலாளி சொல்லி, முத்துக்குமாரு பின்னேரமும் விடியவும் மீற்றர் எண்ணைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

“பார் பிள்ளை. ஒரு இரவுக்கு முக்கால் யூனிற். ஐஞ்சு இரவும் முக்கால்தான். ஏசி ஓடினால் ஒரு மணித்தியாலத்திலை உது முடிஞ்சிடும். இது ஒரு ஃபான், அதோடை ஒரு சின்ன பல்ப். பனிக்கை பிறந்தவன், ஆடி மாதத்திலை, காங்கேசன்துறையிலை, கை நீட்டினால் ஏசி இருக்க, ஃபானோடை படுக்கிறானாம்.”

“சிக்கனமான நோர்வே.”

“ஓம். வீட்டுக் கரண்டுக் காசைத் தானே கட்டிறது மாதிரிச் சிக்கனம்.”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கடகடவென்று தொடங்கி, இடையில் அடைபட்டு, பிறகு உறுமிக்கொண்டு எழும்பியது. உதயகலா மதிலுக்கு மேலால் கடற்கரையை எட்டிப் பார்த்தாள்.

“ஆரும் வள்ளம் ஸ்ரார்ட் பண்ணுகினமோ?”

“முதலாளி கண்ணயர்ந்திட்டார்,” என்றார் முத்துக்குமாரு மெதுவாக.

காவலாளியின் கதிரையில் பஞ்சலிங்கம் வாயைத் திறந்தபடி கிடந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் மீற்றர் பெட்டியின் தகரக் கதவு அதிர்ந்தது. சோமசேகரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முத்துக்குமாருவின் காதில் ஏதோ ஒரு வருஷக் கணக்குக் கேட்டார். முத்துக்குமாரு விரல் விட்டு எண்ணினார். தலையாட்டினார். முகம் வெளிறியது.

“இப்ப உள்ளுக்கை எல்லா ஃபானும் லைற்றும் நிப்பாட்டித்தானே கிடக்கு?”

“ஓம்... நூத்தாச்சு.”

“அப்ப உது ஏன் மினுங்குது?” மீற்றரில் சிவப்புப் பொட்டு ஒன்று, ஆறுதலாக, விட்டு விட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. “ஒரு ஃபான் ஓடுது. எரிக் இன்னும் வெளிக்கிடேல்லை. இந்தக் கட்டடத்துக்குள்ளைதான் நிக்கிறார்.”

உதயகலாவின் கை தன்னாலே ஓட்டோத் திறப்பை இறுகப் பிடித்தது. சோமசேகரம் காவலாளியிடமிருந்து சாவிக் கோர்வையை வாங்கி ஒவ்வொரு திறப்பாகத் தள்ளினார். பதினாலு அறை, குசினி, ஸ்ரோர். ஒன்று குறைந்தது.

“வரவேற்பு மேசைக்குப் பின்னாலை, பெட்சீற் வைக்கிற அறை. அதின்ரை திறப்பு எங்கை?”

“துலைஞ்சு போச்சு,” என்றார் முத்துக்குமாரு. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அந்த இரண்டு சொல்லுக்கே வியர்த்துவிட்டது.

“கதவை உடைப்பமோ?” என்றாள் உதயகலா.

“கதவு என்ன பாவம் செய்தது? நீ சந்திக்கடைக்குப் போய் நாலு சோற்றுப் பார்சல் வாங்கிக்கொண்டு வா. முதலாளியின்ரைக்குத் தயிர் கூட விடச் சொல்லு.”

“எனக்கு விளங்கேல்லை. கள்ளன் உள்ளை, நாங்கள் சாப்பிடுறமோ?”

“தயிர்தான் பொறி, பிள்ளை.”

ஒன்றரைக்குச் சாப்பாடு முடிந்தது. சோமசேகரம் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் கிடந்த புதுச் சாய்மனைக் கதிரையைக் காட்டினார். “ஐஞ்சு நாள் முழிச்சிருக்கிறியள். கொழும்பு ஆக்கள் வரேக்கை முகம் தெளிவா இருக்கவேணும். ஒரு கோழித் தூக்கம் போடுங்கோ. நாங்கள் பாக்கிறம்.” பஞ்சலிங்கம் மறுத்தார். தயிர் மறுக்கவில்லை. சாய்ந்து மூன்றாம் நிமிஷம் வள்ளம் ஓடத் தொடங்கியது.

மண்டபம் புதுசு. சுவரெல்லாம் வெறும் சுவர். குறட்டை போய் முட்டி இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. உதயகலா காதைப் பொத்தினாள். முத்துக்குமாரு நிலத்தைப் பார்த்தார். மணி இரண்டு ஆனது. இரண்டு பத்து. சோமசேகரம் கையைக் கட்டிக்கொண்டு பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டே காலுக்குக் குறட்டை புதிதாக ஒரு உச்சத்தைத் தொட்டது. சீலிங்கில் தொங்கிய கண்ணாடி விளக்கு கிலுகிலுத்தது.

அப்போது பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், சலித்து, பழக்கப்பட்டு, முழுப் பலத்தோடு வந்தது.

“இஞ்சாருங்கோப்பா! மற்றப் பக்கம் திரும்பிப் படுங்கோ!”

பஞ்சலிங்கம் கண் விழிக்காமலே சொல் கேட்டுத் திரும்பினார். குறட்டை நின்றது. இரண்டு விநாடி. பிறகு துள்ளி எழுந்து நின்றார்.

“குணம்?”

பூட்டு உள்ளே கிளிக்கென்றது. குணலட்சுமி வெளியே வந்தார். பருத்திச் சேலை, ஒரு கையில் போன், மறு கையில் ‘துலைந்துபோன’ திறப்பு.

“பொறுத்துக்கொண்டு இருந்திருக்கலாம். வாய் தானாச் சொல்லிப்போட்டுது,” என்றார்.

“நீ... நீ இணுவிலிலை விரதம்!”

“பகலிலை இணுவில்தான். பின்னேரம் வந்து இஞ்சை விளக்கு வைச்சுப் படுத்திட்டு, காலமை ஆறு மணிக்குப் பின் படலையாலை போய் பஸ் எடுக்கிறனான். இண்டைக்கு நீங்கள் விடியவே வந்து முத்துக்குமாரண்ணையோடை சண்டைக்கு நிண்டியள். நான் எப்பிடி வெளியாலை போறது? பால் காய்ச்சின இடத்தை இருட்டிலை போடாதேங்கோ எண்டு சொன்னன். கேட்டியளோ?”

“அப்ப எரிக்?” என்றாள் உதயகலா. அவளுக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

“எரிக் ஆரெண்டு எனக்கும் தெரியாது தங்கச்சி. நோர்வேயிலை இருக்கிற என்ரை தம்பி வேலை செய்யிற இடத்திலை வாங்கின பழைய போன் இது. அதுக்குள்ளை அந்தப் பேர் கிடந்திருக்கு. முதல் நாள் விடிய, ‘இந்த இடத்தைப் பற்றி உரிமையாளருக்குச் சொல்லுங்கள்’ எண்டு தானா வந்தது. உரிமையாளர் இவர்தானே. மைக்கை அமத்திச் சொன்னன். இங்கிலீசு அதுவாப் போட்டுது.”

பஞ்சலிங்கம் கதிரையில் இருந்துவிட்டார். “எனக்கு நேரை சொல்லியிருக்கலாமே, குணம்?”

“வைகாசியிலை கட்டிலைச் சொன்னன். ஆனியிலை தரையைச் சொன்னன். இன்ஜினியருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ எண்டு கேட்டியள். எரிக் ஒருக்காத்தான் சொன்னான். ரண்டு விளக்குமாறு வந்தது.”

குணலட்சுமியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

“பின்னேரம் பின்னேரம் போன் எடுத்து, எரிக் எழுதினது எண்டு எனக்கே வாசிச்சுக் காட்டினியள். நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் நீங்கள் திருப்பிச் சொன்னது, கலியாணம் முடிச்ச இருபத்துமூண்டு வருஷத்திலை அதுதான் முதல் தரம். நிப்பாட்ட எனக்கு மனம் வரேல்லை.”

பஞ்சலிங்கம் முத்துக்குமாருவைப் பார்த்தார். “உமக்குத் தெரியும்.”

“சொல்லமாட்டன் எண்டு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன் முதலாளி. ஆனால் உங்களுக்கும் நான் பொய் சொல்லேல்லை. பிறத்தி ஆள் வரேல்லை எண்டுதானே சொன்னன். அம்மா பிறத்தி ஆளோ?”

மேசையில் கிடந்த திறப்புக் கோர்வையைப் பஞ்சலிங்கம் எடுத்து முத்துக்குமாருவின் கையில் திணித்தார். “இடுப்பிலை செருகும். நான் கத்தினதை மனதிலை வைச்சிருக்காதையும்.” பிறகு, “வாங்கோ எல்லாரும். காலமை எனக்கு அந்தக் கட்டிலைத் திருப்பி வைக்க நேரம் கிடைக்கேல்லை. படுத்துப் பாப்பம்,” என்றார்.

ஏழாம் அறையில் முதலாளி தெற்கே தலை வைத்துப் படுத்தார். கால்மாட்டில் யன்னல். யன்னல் நிறையக் கடல். தூரத்தில் துறைமுகத்துக்குக் கப்பல் ஒன்று வந்துகொண்டிருந்தது. இன்ஜினியர் வைத்தபடி படுத்திருந்தால் எதிரே தெரிவது கக்கூசுக் கதவு.

“இவ்வளவு நாளும் கடலுக்கு மண்டையைக் காட்டிக்கொண்டு கிடந்திருக்கு,” என்றார் பஞ்சலிங்கம், தனக்குத்தானே.

“நோர்வேக்காரர் புத்திசாலியள்,” என்றாள் உதயகலா. குணலட்சுமிதான் முதலில் சிரித்தார்.

சரியாக மூன்று மணிக்குக் கொழும்பு வான் வந்து நின்றது. இறங்கிய அம்மாவின் பெயர் மார்கிரட். கையில் ஐந்து தாள். ஐந்து ரிவியூவும் அச்சில். பஞ்சலிங்கத்தின் முகத்தில் இரத்தம் இல்லை.

“மிஸ்டர் எரிக் இன்னும் இருக்காரா?” என்றார் மார்கிரட். “அவரைப் பார்க்கத்தான் அவசரமா வந்தேன்.”

“அவர்... ஏன் மேடம்?”

“பதினாறு வருஷமா இந்த வேலை செய்றேன். பிடிக்காத ஹோட்டல்ல ரெண்டாவது நாள் யாரும் தங்கமாட்டாங்க. இவர் ஒரு ஸ்டார் கொடுத்துட்டு அஞ்சு நாள் தங்கியிருக்கார்! சொன்ன குறையெல்லாம் அடுத்த நாளே சரியாகியிருக்கு. அதுவும் திறக்காத ஹோட்டல்ல. கப்பல்ல வர்றவங்களுக்குக் கொடுக்கிற தாள்ல இவர் எழுதினதை அப்படியே போடப்போறோம். பேரோட, படத்தோட. நான் மேல போய் அந்தக் கட்டிலைப் பார்த்துட்டு வர்றேன். அவரைக் கூப்பிட்டு வையுங்க.”

முத்துக்குமாரு திறப்போடு முன்னால் நடக்க, அவர் படியேறிப் போய்விட்டார்.

“எரிக் நோர்வேக்குப் போட்டார் எண்டு சொல்லுவம்,” என்று பஞ்சலிங்கம் பதறினார். “குணம், ஒரு வெள்ளைக்காரன் சொன்னது எண்டால்தான் சனம் வரும். நீ சொன்னது எண்டால், சொந்த ஹோட்டலைச் சொந்த மனுசி புகழுறா எண்டு நினைப்பினம்.”

“நான் எங்கை புகழ்ந்தனான்? ஒரு ஸ்டார்தானே போட்டனான்!” குணலட்சுமி போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். “ஐஞ்சு நாள் படுத்தது நான். சொன்னது நான். ஒருக்காவாவது குணலட்சுமி சொன்னது எண்டு எழுதியிருக்கட்டுமே.”

இரண்டு பேரும் சோமசேகரத்தைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். “ஆளைப் பிடிக்கிறது வரைக்கும்தான் என்ரை வேலை. தீர்ப்புச் சொல்ல எனக்கு மீற்றர் இல்லை.” உதயகலா படியடிக்குப் போய் மேலே காது கொடுத்தாள்.

மேலே ஏழாம் அறையில் கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்கிறது. மார்கிரட் அம்மா படுத்துப் பார்க்கிறார் போலிருக்கிறது. இறங்கி வரப் பத்து நிமிஷம் ஆகும்.

அதற்குள் வாசிக்கிற நீங்கள் எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். தாளில் எரிக்கே இருக்கட்டுமா, குணலட்சுமி வரட்டுமா? எனக்கு ஒரு முடிவு இருக்கிறது, ஆனால் உங்களுடையதைக் கேட்காமல் எழுத மனமில்லை. எனக்கு எழுதி அனுப்புங்கள். கலியாணம் முடித்த ஆண்கள் தயவுசெய்து உங்கள் மனைவியிடம் கேட்டு, அவர் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதுங்கள்.